அழகும் வேணும், இஷ்டத்துக்கு மாத்தவும் வேணும்: லினக்ஸில் எந்த டெஸ்க்டாப்?

"பார்க்க நல்லா இருக்கணும், என் இஷ்டத்துக்கு மாத்திக்கவும் முடியணும். லினக்ஸ்ல எதைப் போடலாம்?"

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களின் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். லேப்டாப் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, இல்லாவிட்டால் பிராசஸர் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லை, ஆகவே விண்டோஸ் 11 ஏறாது. எடைக்குப் போடவும் மனசு வரவில்லை. சரி, லினக்ஸ் போட்டுவிடலாம் என்று முடிவு செய்து யூடியூபில் இரண்டு வீடியோ பார்க்கிறார்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் விண்டோஸில் இப்படி ஒரு தேர்வே கிடையாது. அங்கே கிடைப்பது ஒரே முகப்பு. டாஸ்க்பாரில் நடுவில் நிற்கும் ஐகான்களை இடது பக்கம் தள்ளிக்கொள்ளலாம், அதுவே பெரிய சலுகை.

லினக்ஸில் அடியில் ஓடும் சிஸ்டம் வேறு, மேலே கண்ணுக்குத் தெரியும் டெஸ்க்டாப் வேறு. பேனல், மெனு, ஃபைல் மேனேஜர், செட்டிங்ஸ், லாக் ஸ்கிரீன், விண்டோவின் மூலையில் இருக்கும் குளோஸ் பட்டன் வரை எல்லாம் சேர்ந்து வருவதுதான் ஒரு டெஸ்க்டாப். லினக்ஸை நிறுவத் தயாராகத் தொகுத்துத் தருவதை விநியோகம் என்பார்கள்; ஃபெடோரா என்ற ஒரே விநியோகத்தில் க்னோம் என்ற டெஸ்க்டாப்பைப் போட்டால் ஒரு மாதிரி இருக்கும், பிளாஸ்மா என்பதைப் போட்டால் வேறு யாருடைய கணினியையோ திறந்த மாதிரி இருக்கும். இதில் எது உங்களுக்குச் சரிப்படும் என்பதை ஸ்கிரீன்ஷாட் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. பின்னணி மங்கிய டெர்மினல், மலை மேல் நிலா வால்பேப்பர், மூலையில் மிதக்கும் கடிகாரம் என்று அந்தப் படங்கள் நிஜமாகவே அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் யாரும் பிரிண்டர் செட்டிங்ஸைத் திறந்து காட்டுவதில்லை, ப்ரொஜெக்டரில் செருகினால் என்ன ஆகிறது என்று காட்டுவதில்லை, முக்கியமாக ஆறு மாதம் கழித்து ஒரு அப்டேட் வந்த பிறகு அதே படத்தை மறுபடி எடுத்துக் காட்டுவதில்லை.

நான் பார்ப்பது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். அழகு, மாற்றும் வசதி என்று கேட்பவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள், ஆனால் இரண்டும் அடிக்கடி ஒன்றையொன்று இழுக்கும். ஒரு டெஸ்க்டாப் செய்து வைத்த மாதிரி ஒழுங்காக இருக்க வேண்டுமென்றால் அதைச் செய்தவர்கள் நிறைய விஷயங்களை நமக்காக முடிவு செய்திருக்க வேண்டும். நாம் ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற அந்த ஒழுங்கு குலையும். அதனால் எதை எதை மாற்றலாம் என்பதைவிட, நான் மாற்றியதை இதைச் செய்தவர்கள் மதிக்கிறார்களா, அடுத்த பதிப்பிலும் அது நிற்குமா என்று பார்ப்பது உருப்படியான கேள்வி.

க்னோமை இந்தக் கேள்வியோடு பார்க்கலாம். உபுண்டு, ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன், டெபியன் என்று பெரிய விநியோகங்களில் முதலில் வந்து நிற்பது இதுதான், ஆகவே நிறையப் பேருக்கு லினக்ஸ் என்றாலே க்னோம். 1997இல் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் டி இகாசாவும் ஃபெடெரிகோ மேனாவும் தொடங்கிய திட்டம். அதற்கு முன்பே இருந்த கேடிஇ என்ற டெஸ்க்டாப் திட்டம் பயன்படுத்திய க்யூட்டி என்ற நிரல் தொகுப்பின் உரிமம் அப்போது முழுச் சுதந்திர மென்பொருள் வகையில் இல்லை என்பதுதான் தொடங்கியதற்குக் காரணம். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது பழைய மெனு, டாஸ்க்பார் எல்லாவற்றையும் தூக்கிவிட்டார்கள், ஊரே கொதித்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸே கோபித்துக்கொண்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப் பக்கம் போனார், அப்புறம் திரும்பியும் வந்தார். பழைய க்னோம் 2ஐ அப்படியே காப்பாற்ற மாத்தே என்ற டெஸ்க்டாப் பிறந்தது, லினக்ஸ் மின்ட் விநியோகக்காரர்கள் தங்கள் வழிக்குச் சின்னமன் என்ற டெஸ்க்டாப்பைச் செய்துகொண்டார்கள். ஒரு மென்பொருள் பதிப்பு இத்தனை பிரிவினைக்குக் காரணமானது ஆச்சரியம்தான்.

ஆனாலும் இன்றைய க்னோமைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. டச்பேடில் மூன்று விரலால் மேலே தள்ளினால் திறந்திருக்கும் எல்லாம் விரிகிறது, பக்கவாட்டில் தள்ளினால் அடுத்த வொர்க்ஸ்பேஸ், அந்த அசைவு விரலோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. செட்டிங்ஸில் எதைத் தேடினாலும் கிடைக்கிறது. க்னோமுக்காகவே எழுதப்பட்ட ஆப்கள் எல்லாம் ஒரே கையால் செய்த மாதிரி இருக்கும். இந்த மெருகு மற்ற எதிலும் இந்த அளவுக்கு இல்லை என்றே சொல்வேன். ஆனால் மினிமைஸ் பட்டன் கிடையாது, டெஸ்க்டாப்பில் ஐகான் வைக்க முடியாது, டாஸ்க்பார் கிடையாது, மூலையில் சின்ன ஐகான்களாக உட்காரும் ஆப்களுக்கு இடம் கிடையாது. இதெல்லாம் மறந்துபோய் விட்டது இல்லை, வேண்டாம் என்று முடிவு செய்தது. வாடகைக்கு அருமையான வீடு, டைல்ஸ் பளபளக்கிறது, தண்ணீர் இருபத்துநாலு மணி நேரமும் வருகிறது, ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஓனர் முதல் நாளே சொல்லிவிட்டார். க்னோம் அந்த மாதிரி.

ஆணி அடிக்க ஒரு வழி இருக்கிறது, எக்ஸ்டென்ஷன். டேஷ் டு டாக், டேஷ் டு பேனல், ப்ளர் மை ஷெல் என்று பிரபலமானவை பல. வீடியோக்களில் மேக் மாதிரி, விண்டோஸ் மாதிரி மாற்றிக் காட்டுவதெல்லாம் இவற்றை வைத்துத்தான். இவை க்னோம் ஷெல்லின் உள்ளே புகுந்து அதன் நிரலையே ஓடும்போது மாற்றுகின்றன. இதற்கென்று நிலையான, உறுதி கொடுத்த இணைப்பு வழி எதுவும் கிடையாது. க்னோம் வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய பதிப்பு விடும். ஒவ்வொரு முறையும் எக்ஸ்டென்ஷன் எழுதியவர் சரிபார்த்து, இந்தப் பதிப்பிலும் ஓடும் என்று குறித்துக் கொடுத்தால்தான் அது ஓடும். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45இல் எக்ஸ்டென்ஷன் எழுதும் முறையே மாறியது, அதனால் அதுவரை இருந்த அத்தனை எக்ஸ்டென்ஷனையும் திருத்தியே ஆக வேண்டியிருந்தது. அவற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் ராத்திரி வேலை முடிந்து சும்மா செய்பவர்கள். ஒருவர் விட்டுவிட்டால் உங்கள் டாக் போச்சு. உபுண்டுவில் மட்டும் இந்தத் தொல்லை குறைவு, அதன் இடது பக்க டாக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன்தான் என்றாலும் உபுண்டுவே அதைப் பார்த்துக்கொள்கிறது.

தீம் விஷயம் இன்னும் இறுக்கம். 2022 மார்ச்சில் வந்த க்னோம் 42 முதல் அதன் ஆப்கள் லிப்அத்வைதா என்ற தொகுப்பில் எழுதப்படுகின்றன. பெயரைப் பார்த்து நம் ஊர் வேதாந்தம் என்று சந்தோஷப்பட வேண்டியதுதான், தீம் மாற்ற அது இடம் தராது. வெளிர், கருமை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2024 செப்டம்பரில் க்னோம் 47இல்தான் ஆக்சென்ட் நிறம், அதாவது பட்டன், தேர்வு போன்றவற்றை எடுப்பாகக் காட்டும் நிறம், மாற்றும் வசதியே வந்தது. இதற்கு மேல் வேண்டுமென்றால் அவர்கள் ஆதரிக்காத குறுக்கு வழிகள்தான். அதனால் க்னோம் பிடித்தால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு எக்ஸ்டென்ஷனுக்கு மேல் தேவைப்பட்டால் உங்களுக்குத் தேவை வேறு டெஸ்க்டாப் என்று அர்த்தம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கணினியில் இருப்பது கேடிஇ திட்டத்தின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மா. 1996 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ட்யூபிங்கனில் படித்துக்கொண்டிருந்த மத்தியாஸ் எட்ரிக் அறிவித்த திட்டம் இது, விண்டோஸ் 10 முடிந்த அதே அக்டோபர் 14. தற்செயல்தான், ஆனால் கேடிஇ ஆட்கள் சும்மா விடுவார்களா, விண்டோஸ் 10ஐ விட்டு வருபவர்களை வரவேற்று ஒரு பிரசாரமே நடத்தினார்கள்.

கேடிஇ என்றதும் பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். 2008 ஜனவரியில் வந்த 4.0 வேகாத சோறு என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, அந்தக் கெட்ட பெயர் பத்து வருடத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. கனமானது, எப்போது வேண்டுமானாலும் விழும், செட்டிங்ஸில் காணாமல் போய்விடுவோம் என்பார்கள். முதல் இரண்டும் இன்று உண்மையில்லை. 2014இல் பிளாஸ்மா 5, 2024 பிப்ரவரி 28இல் பிளாஸ்மா 6 என்று படிப்படியாகத் தேறி வந்திருக்கிறது. ஸ்டீம் டெக் கேம் கருவியை டெஸ்க்டாப் மோடில் போட்டால் வருவது பிளாஸ்மாதான். 2025 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 42இல் கேடிஇ பதிப்பை க்னோம் பதிப்புக்குச் சமமான இடத்துக்கு உயர்த்தினார்கள். மூன்றாவது புகார், செட்டிங்ஸ் அதிகம் என்பது, அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, வருகிறேன்.

பேனலை எடுத்துக்கொள்ளுங்கள், இங்கேதான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து எடிட் மோடுக்குப் போய்ப் பேனலைத் தொட்டால் ஒரு சின்னப் பலகை திறக்கும். எந்த ஓரத்தில் இருக்க வேண்டும், முழு நீளமா உள்ளே இருப்பதற்கு ஏற்ற நீளமா, இடமா நடுவா வலமா, எப்போதும் தெரிய வேண்டுமா இல்லை ஏதாவது விண்டோ மேலே வந்தால் மட்டும் ஒதுங்க வேண்டுமா, ஓரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி மிதக்க வேண்டுமா, கண்ணாடி மாதிரியா கெட்டியா. எல்லாம் அங்கேயே, மாற்ற மாற்றக் கண் முன்னால் மாறும். நீளத்தை உள்ளடக்கத்துக்கு ஏற்றதாக்கி நடுவில் வைத்தால் அதுதான் மேக் டாக். மேலே இன்னொரு பேனல் சேர்த்து அதில் குளோபல் மெனு விட்ஜெட்டைப் போட்டால் மீதியும் முடிந்தது. எந்த எக்ஸ்டென்ஷனும் இல்லாமல், பிளாஸ்மாவைச் செய்தவர்களே கொடுத்த பாகங்களை வைத்து. அடுத்த பதிப்பு வந்தாலும் இது உடையக் கூடாது என்பது அவர்கள் பொறுப்பு.

ஸ்டார்ட் மெனு பிடிக்கவில்லையா, அதன் மேல் ரைட் கிளிக் செய்து ஷோ ஆல்டர்நேட்டிவ்ஸ் கொடுத்தால் பழைய பாணி அடுக்கு மெனுவும் முழுத் திரை மெனுவும் வரும். விண்டோவின் குளோஸ், மினிமைஸ் பட்டன்களை இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ இழுத்து வைத்துக்கொள்ளலாம், எப்போதும் மேலே நிற்க வை என்பதற்கு ஒரு பட்டனையே தலைப்புப் பட்டையில் சேர்க்கலாம். கால்குலேட்டரை மேலே நிறுத்திவிட்டு அடியில் ஷீட்டில் கணக்குப் போடுபவர்களுக்கு இது வரப்பிரசாதம். விண்டோவின் தலைப்பைத் தேடிப் பிடிக்காமல், சூப்பர் விசையை, அதாவது விண்டோஸ் படம் போட்ட விசையை, அழுத்திக்கொண்டு எங்கே பிடித்து இழுத்தாலும் நகரும். ரைட் பட்டனோடு இழுத்தால் அளவு மாறும். இது பழகிவிட்டால் வேறு கணினியில் உட்காரும்போது கை தானாக அந்த விசையைத் தேடும். சூப்பரோடு வி அழுத்தினால் காப்பி செய்தவற்றின் பட்டியல், டி அழுத்தினால் திரையை எப்படிப் பங்கு போடுவது என்று வரையும் பலகை, இந்த இரண்டாவது பிளாஸ்மா 5.27 முதல் வந்தது. பகலில் வெளிர், இரவில் கருமை என்று தானாக மாறுவது 2025 அக்டோபரில் வந்த 6.5இல்தான் சேர்ந்தது. இவ்வளவு மாற்ற விடும் டெஸ்க்டாப்பில் அது ஏன் அவ்வளவு தாமதம் என்று எனக்குப் புரியவே இல்லை.

செட்டிங்ஸ் அதிகம் என்ற புகாருக்கு வருகிறேன். ஆமாம், அதிகம். சில பக்கங்கள் எதற்கு இருக்கின்றன என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளவும் தேவைப்படவில்லை. இங்கே ஒரு நல்ல விஷயம் செய்திருக்கிறார்கள். சிஸ்டம் செட்டிங்ஸின் மெனுவில் மாற்றியவற்றை அடையாளம் காட்டு என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் நீங்கள் கை வைத்த இடங்களில் எல்லாம் ஒரு சின்னப் புள்ளி தெரியும், அந்தப் பக்கத்தில் எது மாறியது என்றும் காட்டும், ஒரு பட்டனில் பழையபடி ஆக்கிவிடலாம். நண்பர்கள் "என்னமோ ஆயிடுச்சு" என்று லேப்டாப்பைக் கொண்டுவந்தால் நான் முதலில் திறப்பது அதைத்தான். பேனல்களின் அமைப்பு எல்லாம் ஹோமுக்குள் ஒளிந்திருக்கும் கான்ஃபிக் கோப்புறையில் ஒரு கோப்பில் இருக்கிறது, அந்தக் கோப்புறையை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு எதை வேண்டுமானாலும் கலைத்துப் பார்க்கலாம்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. செட்டிங்ஸிலேயே புதிதாகத் தரவிறக்கு என்று ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினால் கேடிஇ ஸ்டோரிலிருந்து தீம், ஐகான், விட்ஜெட் எல்லாம் கொட்டும். பட்டன் செட்டிங்ஸுக்குள் இருப்பதால் கேடிஇயே சரிபார்த்துக் கொடுக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவை யார் வேண்டுமானாலும் ஏற்றியவை. குளோபல் தீம் என்ற வகை வெறும் நிறமும் படமும் இல்லை, அதற்குள் நிரலும் ஓடும். 2024 மார்ச்சில் ஒருவர் அப்படி ஒரு குளோபல் தீமைப் போட்டதும் அது அவருடைய கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டது, ஏற்றியவர் கெட்ட எண்ணத்தில் செய்ததுகூட இல்லை, நிரலில் இருந்த கோளாறு. கேடிஇ அப்போது வெளிப்படையாக எச்சரிக்கை விட்டது. வால்பேப்பர், நிறத் தொகுப்பு, ஐகான், மவுஸ் கர்சர் ஆகியவற்றை அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், குளோபல் தீமைத் தொடாதீர்கள். பிளாஸ்மாவோடு வரும் பிரீஸ் தீமே போதும், ஆக்சென்ட் நிறத்தை வால்பேப்பரிலிருந்து எடுத்துக்கொள் என்று ஒரு டிக் அடித்தால் பாதி அழகு அதிலேயே வந்துவிடும். ஏழெட்டுப் பேர் தனித்தனியாகச் செய்த ஐகானும் தீமும் பட்டன் பாணியும் ஒன்றாகச் சேரும்போதுதான் பிளாஸ்மா கல்யாணச் சத்திரத்து மேடை மாதிரி ஆகிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு கேடிஇக்கு ரசனை இல்லை என்கிறார்கள்.

தமிழ் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கில வீடியோ எதிலும் இது வராது. தட்டச்சில் க்னோம்தான் சுலபம், இதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அதில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் உள்ளேயே பின்னப்பட்டிருக்கிறது. பல மொழித் தட்டச்சு முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பை நிறுவிவிட்டு, விசைப்பலகை செட்டிங்ஸில் இன்புட் சோர்ஸ் சேர்க்கும் இடத்தில் தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது, சூப்பரும் ஸ்பேஸும் அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். பிளாஸ்மாவில் ஒரு படி கூடுதல். ஐபஸ் மாதிரி இன்னொரு தட்டச்சுக் கருவியான ஃப்சிடிஎக்ஸ்5ஐயும் அதற்கான எம்17என் இணைப்பையும் நிறுவிய பிறகு, சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு என்ற பகுதிக்குப் போய் அங்கே ஃப்சிடிஎக்ஸ்5ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் அடிக்க விர்ச்சுவல் கீபோர்டில் ஏன் போய்ப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்? திரையில் விண்டோக்களைக் காட்டும் புதிய அமைப்பான வேலண்டில் அது அப்படித்தான் இணைகிறது, அதைச் செய்யாவிட்டால் சில ஆப்களில் தமிழ் வரும், சிலவற்றில் வராது, மண்டை காயும்.

இன்னொரு பொறி. விசைப்பலகை லேயவுட் பட்டியலிலேயே தமிழ்நெட்99 என்று ஒன்று இருக்கும், எதையும் நிறுவத் தேவையில்லை, உடனே வேலை செய்கிறது என்று சேர்த்துவிடுவோம். அது ஒரு விசைக்கு ஒரு எழுத்து மட்டும் கொடுக்கும் சாதாரண லேயவுட். தமிழ்99இன் சுகமே க இரண்டு முறை அடித்தால் முதலாவதில் புள்ளி தானாக விழுந்து க்க ஆவதும், ங அடித்துக் க அடித்தால் ங்க ஆவதும்தான், அந்தப் புத்திசாலித்தனம் லேயவுட்டில் இருக்காது, எம்17என் வழியாகப் போட்டால்தான் வரும்.

எழுத்துருவில் பிளாஸ்மா முந்துகிறது. பொது எழுத்துரு, மெனு, டூல்பார், விண்டோ தலைப்பு, சிறிய எழுத்து என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். தமிழில் முகப்பை வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். கூ, ளூ மாதிரி எழுத்துகள் கீழே இறங்கும், கி, தீ மேலே ஏறும், ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் தலையோ காலோ வெட்டுப்படும். நோட்டோ சான்ஸ் தமிழ் யுஐ என்று ஒரு எழுத்துரு இருக்கிறது, இந்த மாதிரி குறுகிய இடங்களுக்காகவே மேல் கீழ் இடைவெளியைச் சுருக்கியது, மெனுவுக்கும் தலைப்புக்கும் அதைக் கொடுத்துப் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் டாஸ்க்பாரில் பெயரோடு காட்டுவதை விட்டு ஐகான் மட்டும் காட்டுவதற்கு மாறிக்கொள்ளலாம். திரையை 125 சதவீதத்துக்குப் பெரிதாக்குவதும் தமிழுக்கு நல்லது, 14 அங்குலத் திரையில் தமிழ் மெனுவைக் கண்ணைச் சுருக்காமல் படிக்கலாம். பிளாஸ்மாவில் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி அளவு கொடுத்தாலும் சொதப்புவதில்லை. க்னோமில் இந்த இடைப்பட்ட அளவுகள் ரொம்ப நாள் சோதனை வசதி என்ற பெயரில் ஒளிந்திருந்தவை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அப்பாவின் கணினியில் லினக்ஸ் மின்ட்டும் சின்னமனும்தான். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், அவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆப்லெட், தீம் எல்லாம் சேர்க்கும் இடத்துக்கு ஸ்பைசஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சின்னமனுக்குப் பொருத்தம். மாற்றும் வசதி பிளாஸ்மா அளவுக்கு இல்லை, க்னோமைவிட நிறைய. வேலண்ட் ஆதரவு மட்டும் இன்னும் சோதனை நிலையில் இருக்கிறது, இரண்டு திரைகளில் இரண்டு அளவு வைப்பவர்களுக்கு அது இடிக்கும். உங்கள் ஆசை மாற்றி மாற்றிப் பார்ப்பது இல்லை, ஒரு முறை செட் செய்துவிட்டு மறந்துவிடுவது என்றால் நான் சின்னமனைத்தான் சொல்வேன், பிளாஸ்மாவை இல்லை.

ரேம் 4ஜிபிதான், ஹார்ட் டிஸ்க் இன்னும் சுழல்கிறது என்றால் எக்ஸ்எஃப்சிஇ. பிளாஸ்மாவைவிட வயதில் மூத்தது மாதிரி நடந்துகொள்ளும், ஆனால் பேனலை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், பத்து வருடத்துக்கு முந்தைய பழக்கம் இன்றும் செல்லும். கூடவே ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள், எந்த டெஸ்க்டாப் மாற்றுவதையும்விட அது அதிகம் பலன் தரும். டீப்பின் என்ற டெஸ்க்டாப் பார்க்கக் கொள்ளை அழகு, சீனாவின் வூஹானிலிருந்து வருவது, ஆனால் 2025 மே மாதம் ஓப்பன்சூசே விநியோகத்தின் பாதுகாப்புக் குழு அதைத் தங்கள் களஞ்சியத்திலிருந்து நீக்கியது, பாதுகாப்புப் பரிசோதனையைச் சுற்றிக்கொண்டு போகும் விதமாகத் தொகுத்திருந்தார்கள் என்பதுதான் காரணம். அழகுக்காக நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். ஹைப்பர்லேண்ட் பற்றி நிறையக் கேட்கிறார்கள், ஸ்கிரீன்ஷாட்களில் பாதி அதுதான். அது முழு டெஸ்க்டாப்பே இல்லை, விண்டோக்களை அடுக்கும் பகுதி மட்டும்; பேனல், அறிவிப்பு, லாக் ஸ்கிரீன் எல்லாம் நீங்களே தேடிச் சேர்த்துக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். எழுதுவதே உங்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் சந்தோஷமாகப் போங்கள். சிஸ்டம்76 நிறுவனம் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதியிருக்கும் காஸ்மிக் நம்பிக்கை தருகிறது, பேனல், நிறம், விண்டோ அடுக்கல் மூன்றையும் செய்தவர்களே செட்டிங்ஸில் கொடுத்திருக்கிறார்கள், என் கணக்குப்படி அது சரியான திசை. ஆனாலும் வயதில் சின்னது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

பிளாஸ்மா என்று முடிவு செய்தால் எதன் மேல் போடுவது? குபுண்டு 24.04ஐ எடுத்துவிடாதீர்கள், நீண்ட கால ஆதரவு என்ற பெயரைப் பார்த்து எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள், அதில் இருப்பது பழைய பிளாஸ்மா 5.27. மேலே நான் சொன்னதில் பாதி அதில் வேறு மாதிரி இருக்கும். ஃபெடோரா கேடிஇ நல்ல தேர்வு, புதிய பிளாஸ்மா சீக்கிரம் வந்துவிடும். அடிக்கடி மாறுவது பிடிக்காது என்றால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, அதில் பிளாஸ்மா 6.3, அடுத்த டெபியன் வரை அதுவேதான் இருக்கும். என்விடியா கார்டு உள்ளவர்கள் பிளாஸ்மா 6.1க்குக் குறையாமல், டிரைவர் 555க்குக் குறையாமல் எடுங்கள், வேலண்டில் திரை மினுக்கும் தொல்லை அவற்றில்தான் தீர்ந்தது. ஏற்கனவே க்னோம் இருக்கும் நிறுவலின் மேலேயே பிளாஸ்மாவையும் போட்டு, உள்நுழையும்போது மாற்றி மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வரும், முடியும்தான், ஆனால் மெனுவில் இரண்டு ஃபைல் மேனேஜர், இரண்டு டெர்மினல், இரண்டு செட்டிங்ஸ் என்று குவியும், ஒன்றின் எழுத்துரு, கர்சர் அமைப்பு இன்னொன்றில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அதற்குப் பதில் ஒரே பென்டிரைவிலிருந்து பல விநியோகங்களைப் பூட் செய்ய விடும் வென்டாய் என்ற கருவியை ஒரு 32ஜிபி பென்டிரைவில் போட்டு, ஃபெடோராவின் இரண்டு பதிப்பையும் மின்ட்டையும் அதில் காப்பி செய்துகொள்ளுங்கள், ஒவ்வொன்றாக லைவில், அதாவது பென்டிரைவிலிருந்தே நேரடியாக, பூட் செய்யலாம், நிறுவத் தேவையில்லை. வால்பேப்பரைத் தொடாமல் முதலில் ப்ரொஜெக்டரோ டிவியோ செருகிப் பாருங்கள், மூடியை மூடித் திறந்து தூங்கி எழுகிறதா என்று பாருங்கள், ப்ளூடூத் இயர்போனை இணையுங்கள், பிரவுசரில் தமிழில் நாலு வரி அடியுங்கள். தமிழ் எழுத்துரு, எம்17என் எல்லாம் லைவிலும் நிறுவிக்கொள்ளலாம், ரீபூட் செய்தால் போய்விடும் அவ்வளவுதான். ஃப்சிடிஎக்ஸ்5ஐ இணைக்கும்போது சிக்கினால் எந்த விநியோகம், எந்தப் பிளாஸ்மா பதிப்பு என்று குறிப்பிட்டு எனக்கு எழுதுங்கள், விநியோகத்துக்கு விநியோகம் பொதியின் பெயர் கொஞ்சம் மாறுகிறது.